பிரபா வாங்காத ஜேசிபி

நீலசந்திராவில் பிரபாவிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாக வீடு திரும்பியவர்கள் குறைவு. தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் அவள் குடியிருக்கும் சந்துக்குள் வரும்போது இன்றைக்கும் ஹாரன் அடிப்பதில்லை. சண்டைக்காரி என்று தெருவில் அவளுக்குப் பெயர். அவளைக் கேட்டால், "நான் எங்க சண்டைக்குப் போனேன்? கேள்விதானே கேட்டேன்" என்பாள். அவள் கேள்வி கேட்டாலே எதிராளிக்கு வேர்த்துவிடுகிறது, அதற்கு அவள் என்ன செய்வாள்?

அப்பாவும் அம்மாவும் போளூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். பிரபா பிறந்தது, வளர்ந்தது, பக்கத்துச் சந்து சீனுவைக் காதலித்து இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டது எல்லாம் அந்த நாலு தெருவுக்குள்தான். பதினெட்டு வயதில் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லராகச் சேர்ந்தாள். சட்டைக் காலர் தைத்துத் தைத்தே லைன் சூப்பர்வைசர் வரை வந்தாள். திடீரென்று ஒரு நாள் கம்பெனியை ஊருக்கு வெளியே வெகுதூரம் மாற்றப்போவதாகவும், வர முடியாதவர்களுக்குப் பாதி செட்டில்மெண்ட்தான் என்றும் சொன்னார்கள். பிரபா தன் லைன் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டாள். முழு செட்டில்மெண்ட் வந்தது. வேலை போயிற்று.

இனி வீட்டில் உட்கார்ந்து நைட்டி தைத்துப் பிழைத்துக்கொள்வாள் என்று அக்கம்பக்கம் நினைத்தது. அவளோ ஜேசிபி வாங்கப்போவதாகச் சொன்னாள்.

முன்னால் மண் அள்ளும் பெரிய வாய், பின்னால் பள்ளம் தோண்டும் நீண்ட கை. எந்தக் கம்பெனி செய்தாலும் அந்த வண்டிக்கு ஊரில் ஒரே பெயர், ஜேசிபி. சீனு பதினான்கு வருடமாகச் சந்தானம் என்பவரிடம் அந்த வண்டிக்கு டிரைவர். சந்தானத்துக்கு மூன்று வண்டிகள், மல்லேஸ்வரத்தில் சொந்த வீடு, நெற்றியில் குங்குமம், வாயில் எப்போதும் இனிப்பான பேச்சு. சம்பளத்தை மட்டும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

"அடுத்தவன் வண்டிய ஓட்டி இத்தன வருசத்துல இன்னாய்யா மிச்சம்? முதுகு வலிதான் மிச்சம்" என்றாள் பிரபா. "என் செட்டில்மெண்ட் கீது, கழுத்துல கெடக்கிறது கீது. செகண்ட் ஹேண்ட்ல ஒன்னு வாங்கிப் போடுவோம். நீ ஓட்டு. வேலை புடிக்கிறது என் பாடு."

சீனு மிரண்டுபோனான். மண்ணுக்கு அடியில் கேபிள் ஓடினால் பக்கெட்டின் பல்லிலேயே தெரிந்துகொள்கிற ஆள்தான். ஆனால் மனிதர்களிடம் வாய் திறக்க வேண்டுமென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஒருவேள வண்டி சரியில்லாம போச்சுன்னா?" என்று மட்டும் கேட்டான்.

கேள்வி நியாயமானது. இருக்கிறது எல்லாவற்றையும் வழித்துப் போட்டு ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும். அது படுத்துவிட்டால் செட்டில்மெண்டும் போகும், நகையும் போகும், இரண்டு பேரும் மறுபடி யாரிடமாவது போய்க் கைகட்டி நிற்க வேண்டும். பிரபாவுக்கு மற்ற எதைவிடவும் அந்தக் கடைசி விஷயம்தான் தாங்காது.

அதனால் சும்மா வாங்கிவிடவில்லை. ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் நெலமங்கலா, ஹொஸ்கோட்டே, அத்திபெலே என்று வண்டி விற்கிற இடமெல்லாம் அலைந்தார்கள். அங்கே சீனு வேறு ஆளாகிவிடுவான். முதலில் எஞ்சின் மேல் கை வைத்துப் பார்ப்பான். சூடாக இருந்தால் பேச்சே கிடையாது, திரும்பிவிடுவான். காலையில் குளிர்ந்த எஞ்சின் எப்படித் திணறி எழுந்திருக்கிறது என்று வாங்க வருகிறவன் பார்த்துவிடக் கூடாது என்றுதான் விற்கிறவன் முன்கூட்டியே ஓட்டிச் சூடு பண்ணி வைக்கிறான். புதுப் பெயிண்ட் பளபளத்தால் வெல்டிங் எங்கே ஒளிந்திருக்கிறது என்று குனிந்து தேடுவான். பின்கையைத் தூக்கி நிறுத்திவிட்டு லீவரை விட்டுக் கீழே இறங்கி, அது தானாகத் தாழ்கிறதா என்று பீடி ஒன்று தீரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பான். இப்படியே பார்த்த வண்டியெல்லாம் கழிந்துகொண்டே போனது. தரகர்கள் அவனைக் கண்டாலே அலுத்துக்கொண்டார்கள். பிரபாவுக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை.

விஷயம் சந்தானத்தின் காதுக்குப் போயிற்று. கோபப்படுவார் என்று சீனு நடுங்கிக்கொண்டிருந்தான். அவரோ அவனைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்.

"ஏன்டா சீனு, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாமில்ல? ஊரெல்லாம் எதுக்குடா அலையற? நீ ஓட்டற வண்டியையே எடுத்துக்கோ. உனக்குத் தெரியாத வண்டியா அது? இப்ப பாதி குடு, மீதி ஓட்டி ஓட்டிக் கட்டிடு. பேங்க்காரன் காலு கையிலல்லாம் விழ வேணாம்."

அன்று சாயங்காலம் சீனு அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. ஒன்பது வருடமாகத் தான் ஒருவனே ஓட்டிய வண்டி, அதன் ஒவ்வொரு சத்தமும் தனக்குத் தெரியும், கடவுளாகப் பார்த்துக் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே போனான்.

பிரபா ஒரு துண்டு அல்வாவை வாயில் போட்டுக்கொண்டாள். "அந்த வண்டிய நீ செக் பண்ணியா?" என்று கேட்டாள்.

"எத செக் பண்றது? என் வண்டிடி அது!"

அவள் அதற்குமேல் பேசவில்லை. பிரபா பேசாமல் இருந்தால் ஏதோ ஒன்று உள்ளே ஓடுகிறது என்று அர்த்தம்.

ஓடியது கார்மெண்ட்ஸ் ஞாபகம். அவள் டெய்லராக இருந்த காலத்தில் ஒரே மிஷினில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். லைனிலேயே நேர்த்தியான காலர் அவளுடையது. ஒரு தடவை காய்ச்சலில் அவள் லீவு போட, அந்த மிஷினில் ஜோகுபாளையத்து ஜூலியாவை உட்கார வைத்தார்கள். ஜூலியா தைத்த காலர் அத்தனையும் கோணல். அவளுக்கு வேலை தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டினார்கள். வேலைக்குத் திரும்பிய பிரபாவை வேறொரு புது மிஷினுக்கு மாற்றினார்கள். அதில் அவள் தைத்ததும் கோணல், ஆனால் எதிர்ப்பக்கம். அப்புறம்தான் மெக்கானிக் கண்டுபிடித்துச் சொன்னான். பழைய மிஷின் துணியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிரபாவின் கை இத்தனை வருடமும் அவளுக்கே தெரியாமல் அதை எதிர்த்து இழுத்துத் தைத்திருக்கிறது. மிஷினில் கோளாறு என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஜூலியாவிடம் போய் மன்னிப்புக் கேட்டது கம்பெனி இல்லை, பிரபாதான். சிநேகிதம் அன்றைக்கு ஆரம்பித்தது.

அந்த ஜூலியாவின் தம்பி ரிச்சர்டு ஒயிட்ஃபீல்டு பக்கம் யாரிடமோ ஜேசிபி ஓட்டுகிறவன். பிரபா அவனுக்குப் போன் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, பத்தரைக்கு ராகு காலம் வருவதற்குள் சாவியைக் கைமாற்றிவிட வேண்டும் என்று சந்தானம் ஏற்பாடு செய்திருந்தார். பேகூர்ப் பக்கம் அவருடைய காலி மனையில் வண்டி குளித்து மாலை போட்டுக்கொண்டு நின்றது. நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய். வண்டி வைத்திருக்கிற மற்ற ஓனர்கள் ஐந்தாறு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவருக்கே வண்டியைக் கொடுக்கிற சந்தானத்தின் பெரிய மனசைப் பார்க்கத்தான் அவர்களை அழைத்திருந்தார். அத்தனை பேர் பார்க்க நடக்கிற பூஜையில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இந்த ஊரில் பாதி ஓட்டை வண்டிகள் இப்படித்தான் கைமாறுகின்றன.

ரிச்சர்டைப் பார்த்ததும் சந்தானம், "இது யாரும்மா?" என்றார்.

"டிரைவருங்க. தட்டு மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டும்."

"உன் புருஷன் ஒம்பது வருஷமா ஓட்டறான். அதவிட என்ன பாக்கணும்?"

"அவரு ஓட்டினது எனக்குத் தெரியும். வண்டி ஓடறதப் பாக்கணும்."

சீனுவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "பிரபா, சும்மாரு" என்று பல்லைக் கடித்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. சந்தானம் கடிகாரத்தைக் காட்டினார். ராகு காலம் வந்தால் வரட்டும், அடுத்த வெள்ளியும் வெள்ளிதான் என்றாள் அவள். ஓனர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எலுமிச்சம்பழங்களை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு ரிச்சர்டு ஏறினான்.

காம்பவுண்டு சுவரை ஒட்டி வடிகால் தோண்டச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருந்தது. வண்டியை அங்கே நிறுத்தி, சீட்டைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு, அந்தக் கோட்டில் தோண்ட ஆரம்பித்தான். முதல் பக்கெட் மண்ணை எடுத்துச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே கொட்டுவது என்று திரும்பிப் பார்த்தான். அவன் திரும்பிய அந்த நேரத்தில் பக்கெட் தாழ்ந்து சுவரில் இடித்தது. இரண்டு கல் பெயர்ந்து விழுந்தன.

நாற்காலிகளில் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. "டிரைவரா, இல்ல ஆட்டோ ஓட்டறவனாம்மா?" என்றார் சந்தானம். ரிச்சர்டு முகம் கறுத்து இறங்கி வந்து, "அக்கா, வண்டில ஏதோ இருக்குக்கா" என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

சீனுவுக்குப் பொறுக்கவில்லை. தன் வண்டியை ஒருவன் குறை சொல்வதா? தாவி ஏறினான். அதே கோடு, அதே சுவர். கோடு பிசகாமல் தோண்டினான். மண்ணைச் சுவருக்கு மேலே தூக்கி, ஒரு பொடிக்கல்கூட உதிராமல் அப்படியே நிறுத்திக் காட்டினான். "சூப்பர் குரு!" என்று ஓர் ஓனர் எழுந்து நின்று கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். சந்தானம் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பிரபாவுக்கு ஒரு நிமிடம் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கட்டின புருஷனையே நாலு பேர் முன்னால் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று தோன்றியது. அப்போதும் அவள் கண் பழக்கதோஷத்தில் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிற்று. எல்லாரும் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசராக இருந்த வருடமெல்லாம் துணியைப் பார்க்காமல் டெய்லரின் கையைப் பார்த்தே பிழை பிடித்தவள், சீனுவின் கையைப் பார்த்தாள்.

பக்கெட் அசையாமல்தான் நின்றது. லீவரின் மேலிருந்த அவன் விரல்கள் சும்மா இருக்கவில்லை. கொசு கடித்த இடத்தைத் தன்னையறியாமல் சொறிகிற மாதிரி லேசாக ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு. அவன் முகத்தில் அது தெரியவே இல்லை.

அவள் நேரே நடந்துபோய் வண்டியின் படியில் ஏறினாள்.

"கைய எடு."

"எந்தக் கைய?"

"லீவர்லேர்ந்து கைய எடுய்யா."

"எடுத்துட்டுத்தானே உக்காந்திருக்கேன்."

அவன் பொய் சொல்லவில்லை. எடுத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். பிரபா அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கித் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "இப்ப பாரு" என்றாள்.

பின்கை தாழ ஆரம்பித்தது. வேகமாக இல்லை. மெதுவாக, நிதானமாக இறங்கிச் சுவரில் உட்கார்ந்து இன்னும் இரண்டு கல்லைத் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகும் இறங்கியது. சீனுவின் கை அவள் பிடிக்குள் துடித்தது. லீவரைத் தட்டிப் பக்கெட்டைத் தூக்கிவிடப் பார்த்தது அது. அவள் விடவில்லை. ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் லீவரை விட்டு இறங்கி நின்று பார்த்தவன், இந்த ஒரு வண்டியை மட்டும் பார்க்கவே இல்லை. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

"ஆயில் சீலுதான் போயிருக்கும்" என்று சந்தானம் கீழேயிருந்து சொன்னார். "சின்ன வேலை. ஸ்வல்ப செலவு. அதுக்குப் போய் நல்ல நேரத்த..."

"சீலு போன தீபாவளிக்கு மாத்தினோம் ஓனர்."

சொன்னது சீனு. ஓனருக்கு அவன் எதிர்வார்த்தை சொன்னதை அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு மெல்ல இறங்கி வந்தான்.

"அன்னிக்கு மெக்கானிக் உங்களத் தனியாக் கூட்டிட்டுப் போய் என்னமோ சொன்னான். லீவருக்குக் கீழ இருக்கிற கண்ட்ரோல் வால்வே போயிடுச்சு, பெரிய செலவுன்னுதான் சொல்லிருப்பான். நீங்க திரும்பி வந்து, 'விடு, சீனு இருக்கான், சமாளிச்சுப்பான்'னீங்க. என்னப் பெருமையாச் சொல்றீங்கன்னு நெனச்சு நான் அன்னிக்கு வீட்டுல போய்ச் சொன்னேன் ஓனர்."

கை தட்டிய ஓனர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சந்தானத்தின் முகத்திலிருந்து இனிப்பு வழிந்து போயிற்று.

"டிரைவர் டிரைவராத்தான் இருக்கணும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? போனாப் போகுதுன்னு தூக்கிவிட்டா, தட்டு வெச்சு அழச்ச எடத்துல அசிங்கப்படுத்தறீங்க. இந்த ஏரியாவுல இனி உங்களுக்கு ஒரு லோடு மண்ணு வேலை கிடைக்காது. பாத்துக்கறேன்."

"மண்ணு இன்னா உங்க அப்பா வீட்டுச் சொத்தா?" என்றாள் பிரபா. ரொம்பச் சாவதானமாகத்தான் கேட்டாள். "ஒம்பது வருசமா உங்க வண்டி ஓடலீங்க. இவரு கை ஓடுச்சு. அதுக்கு நீங்க வண்டி வாடகை வாங்கினீங்க. சரி, வண்டிய நீங்களே வெச்சுக்குங்க. கைய நான் கூட்டிட்டுப் போறேன்."

எலுமிச்சம்பழமும் மாலையும் அப்படியே கிடந்தன. மூன்று பேரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

டீக்கடையில் நின்றபோது சீனு அழுதான். வண்டி போனதற்கு இல்லை, அதை ஒன்பது வருடமும் தன் வண்டி என்று சொல்லித் திரிந்ததற்கு. பிரபா டீயை ஆற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, "ஞாயித்துக்கிழம ஹொஸ்கோட்டே போறோம். நீ வண்டிய தொடக் கூடாது" என்றாள்.

அன்றிலிருந்து வண்டி பார்க்கப் போகும்போது அதுவே சட்டம் ஆயிற்று. ரிச்சர்டு ஓட்டுவான், சீனு கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பான். கடைசியில் அமைந்தது பார்க்கச் சகிக்காத வண்டி. பெயிண்ட் உரிந்து, ஒரு பக்கக் கதவே இல்லாமல், சேற்றோடு நின்றது. எஞ்சின் சில்லென்றிருந்தது. திணறித்தான் எழுந்தது, கொஞ்சம் புகைந்தது, பிறகு ஒரே சீராக ஓடியது. ரிச்சர்டு பின்கையைத் தூக்கி நிறுத்திவிட்டு இறங்கினான். மூன்று பேரும் போய் இட்லி சாப்பிட்டு, காபி குடித்து, ஆற அமரத் திரும்பி வந்து பார்த்தார்கள். வைத்த இடத்தில் இருந்தது. பேப்பர் யார் பெயரில் போடுவது, சார் பெயர் என்ன என்று விற்கிறவர் சீனுவைக் கேட்டார். "மேடம் பேரு பிரபா" என்றான் சீனு.

சந்தானம் சொன்னதைச் செய்தார். ஏரியாவில் ஒரு சைட்காரனும் கூப்பிடவில்லை. முதல் மாதம் வண்டி நின்றதுதான் மிச்சம். பிரபா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வர்த்தூர், சர்ஜாபுரா என்று அவர் பெயரைக் கேள்விப்பட்டிராத பக்கமெல்லாம் போனாள். சைட் எஞ்சினியர் தமிழ் பேசினால் தமிழ், இல்லையென்றால் கன்னடம். "வேலைய பாத்துட்டுக் காசு குடுங்க, பிடிக்கலன்னா திருப்பி அனுப்பிடுங்க" என்பாள். திருப்பி அனுப்பியவர் யாருமில்லை. மழைக்காலம் முடிவதற்குள் வண்டி ஞாயிற்றுக்கிழமைகூட நிற்காமல் ஓடியது.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலையில் சந்தானத்திடமிருந்து போன் வந்தது. சீனு நம்பரைப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான். இதற்குள் அவருடைய வண்டியில் நாலு டிரைவர்கள் ஏறி இறங்கிவிட்டார்கள். கடைசியாக வந்தவன் ஒரு வீட்டுச் சுவரோரம் தோண்டும்போது தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டான். இப்போது வேலையும் பாதியில் நிற்கிறது, வீட்டுக்காரரும் வந்து சத்தம் போடுகிறார்.

"நடந்தத மனசுல வெச்சுக்காதம்மா. சீனுவ ரெண்டு நாளைக்கு மட்டும் அனுப்பு. அந்தச் சொவத்து ஓரத்துல அவனத் தவிர எவனாலயும் தோண்ட முடியாது."

"அனுப்பறேங்க" என்றாள் பிரபா. "எங்க வண்டியோடதான் வருவாரு. மணிக் கணக்கு வாடகை. நீங்க பார்ட்டிகிட்ட வாங்கற அதே ரேட்டு."

எதிர்ப்பக்கம் பின்னாலிருந்து வீட்டுக்காரர் சத்தம் போடுவது கேட்டது.

"காலைல எத்தன மணிக்கு வருவீங்க?" என்றார் சந்தானம்.